பிரேக்ஃபஸ்ட் கேசரோல் நடுவில் ஏன் வேகாமல் நிற்கிறது?

கேள்வி: நவம்பர் 30, 2024, காலை

தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்த விருந்தாளிகள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு நின்றுகொண்டு தோசை ஊற்ற முடியாது என்று, முதல் தடவையாக, பிரெட்டை அடுக்கி முட்டையும் பாலும் ஊற்றி ஓவனில் வேகவைக்கிற பிரேக்ஃபஸ்ட் கேசரோல் செய்து பார்த்தேன். சாண்ட்விச் பிரெட் பத்துத் துண்டு, முட்டை 12, பால் 3 கப், உறைந்த பசலைக்கீரை ஒரு பாக்கெட், துருவிய சீஸ் 2 கப். எல்லாவற்றையும் காலையில் கலந்து உடனே ஓவனில் வைத்தேன். 350 டிகிரி ஃபாரன்ஹீட், 40 நிமிடம். மேலே நல்ல பொன்னிறம், ஓரம் ரப்பர், நடுவில் கரண்டியை விட்டால் தண்ணீர். கடைசியில் ரவா உப்புமா கிண்டித்தான் எல்லோருக்கும் போட்டேன். இதையா சுலபம் என்கிறார்கள்?

பதில்: நவம்பர் 30, இரவு

சுலபம்தான். ஆறு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது செய்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் ட்ரேயில் தவறு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது.

முதலாவது கீரை. அந்த பாக்கெட் 10 அவுன்ஸ், ஏறத்தாழ 280 கிராம். இளகியபின் கையால் அள்ளிப் பிழிந்து பாருங்கள், அரை கப்புக்கு மேல் பச்சைத் தண்ணீர் வடியும். வடிக்காமல் போட்டால் அத்தனையும் முட்டைக்குள்தான் இறங்கும். தேங்காய்ப்பால் எடுக்கிற மாதிரி துணியில் கட்டி முறுக்க வேண்டும். காளான், குடமிளகாய், தக்காளி எதுவானாலும் வாணலியில் நன்றாக வதக்கி, தண்ணீர் சுண்டி, ஆறிய பிறகுதான் ட்ரேக்குப் போக வேண்டும். தக்காளியை நான் சேர்ப்பதே இல்லை. எத்தனை வதக்கினாலும் அது எங்கிருந்தோ ஈரத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

இரண்டாவது பிரெட். புது சாண்ட்விச் பிரெட்டுக்குள் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. முட்டைப்பாலைக் குடிக்க அதில் இடமில்லை, கூழாகிவிடும். நீளமான பிரெஞ்சு பிரெட்டோ, புளித்த மாவில் செய்கிற சவர்டோ பிரெட்டோ வாங்குங்கள். ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, 300 டிகிரியில் ஒரு கால் மணி நேரம் வைத்து, ரஸ்க்குக்குப் பாதி வழியில் நிறுத்திவிடுங்கள். ‘பழைய பிரெட் போடு’ என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும், அதை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். பைக்குள் மூன்று நாள் கிடந்து விறைத்த பிரெட் காய்ந்த பிரெட் ஆகாது. அதில் மாவுச்சத்து இறுகியிருக்கும், தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். ஓவனில் காயவைத்தால்தான் தண்ணீர் வெளியே போகிறது.

9×13 அங்குல ட்ரேக்கு என் அளவு இது. காயவைத்த பிரெட் 12 அவுன்ஸ் (340 கிராம்), பெரிய முட்டை 8, கொழுப்பு எடுக்காத பால் இரண்டரை கப் (600 மில்லி), செடார் சீஸ் 8 அவுன்ஸ், வெங்காயம் ஒன்று, குடமிளகாய் ஒன்று, பச்சை மிளகாய் நான்கு. நான்கா என்று பயப்பட வேண்டாம், பாலிலும் சீஸிலும் இருக்கும் புரதம் காரத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் பையனே சாப்பிடுகிறான். சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். பையில் துருவி வருவதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருக்கும், அதனால் சரியாக உருகாது.

வேலை முழுக்க முந்தைய இரவுதான். வெண்ணெய் தடவிய ட்ரேயில் பாதி பிரெட், வதக்கியதில் பாதி, சீஸில் பாதி, திரும்ப அதே வரிசை. முட்டையும் பாலும் அடித்து மேலே ஊற்றி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தினால்தான் மேல் துண்டுகளும் நனையும். ஃபாயில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் எடுத்து நேராக 350 டிகிரி ஓவனில், முதல் 30 நிமிடம் ஃபாயிலோடு, அப்புறம் 25 நிமிடம் திறந்து. நடுவில் கத்தியை விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாதீர்கள்.

உங்களுடையதில் மேலே பொன்னிறம், நடுவில் தண்ணீர் என்றால் ஃபாயில் போடவில்லை என்று தெரிகிறது.

டிசம்பர் 1

உப்பை எழுத விட்டுப்போயிற்று. எட்டு முட்டைக்கு ஒரு தேக்கரண்டி. ஸாசேஜ் போடுகிறவர்கள் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், சீஸும் ஸாசேஜும் சேர்ந்தால் கரித்துவிடும். மிளகு தாராளமாக. கடுகுப்பொடி கால் தேக்கரண்டி போட்டால் கடுகு வாசனை தெரியாது, சீஸின் ருசி தூக்கலாகத் தெரியும்.

டிசம்பர் 3

பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த 12 முட்டை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கீரை மேலும் பிரெட் மேலும் மட்டும் பழியைப் போட்டது பாதிதான் சரி.

ஓடு நீக்கிய பெரிய முட்டை 50 கிராம் இருக்கும். பன்னிரண்டுக்கு 600. பால் 3 கப், 720. ஆக 1,320 கிராம். சாண்ட்விச் பிரெட் ஒரு துண்டு 28 கிராம் என்று வைத்தால், பத்துத் துண்டு 280. ஒரு பங்கு பிரெட்டுக்கு ஏறக்குறைய நாலே முக்கால் பங்கு ஈரம், அதன் மேல் கீரைத் தண்ணீர் வேறு. என் அளவில் 340 கிராம் பிரெட்டுக்கு 1,000 கிராம், அதாவது மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கீரையைப் பிழிந்திருந்தாலும் 40 நிமிடத்தில் அது இறுகியிருக்காது. நீங்கள் எழுதிய அளவிலேயே விடை இருந்தது, நான் கவனிக்கவில்லை.

எந்த ட்ரேயாக இருந்தாலும் பிரெட்டை எடை போட்டு, முட்டையும் பாலும் சேர்ந்து அதைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் போதும். கப் கணக்கில் பிரெட்டை அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். துண்டு பெரிதானால் கப்பில் காற்றுதான் நிறைய நிற்கிறது.

டிசம்பர் 7

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். இதை எல்லோரும் படியுங்கள்.

‘ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஓவனில்’ என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துச் செய்த ஒருவர் வீட்டில் கண்ணாடி ட்ரே ஓவனுக்குள் வெடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, ஆனால் ஓவன் முழுக்கச் சில்லும் முட்டையும். நான் பயன்படுத்துவது உலோக ட்ரே. என் கையில் இருப்பதை மனதில் வைத்து எழுதிவிட்டேன், பெரும்பாலான வீடுகளில் கண்ணாடிதான் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

ஃபிரிட்ஜில் இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியைச் சூடான ஓவனில் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் சட்டென்று விரிந்து, இன்னொரு பக்கம் குளிர்ந்தே இருந்தால் கண்ணாடி தாங்காது. மேடையில் அரை மணி நேரம் வைத்துக் குளிர் தணிந்தபின் வையுங்கள். இன்னும் நல்லது, இரவு ஊறவைப்பதை ஒரு பெரிய பாத்திரத்தில் செய்துவிட்டு, காலையில் அறைச் சூட்டில் இருக்கும் கண்ணாடி ட்ரேக்கு மாற்றுவது. அடுக்கு கலைந்து போகும், ருசியில் வித்தியாசம் இல்லை. வெளியே எடுக்கும்போதும் ஈரமான கல்மேடையில் வைக்காதீர்கள், மடித்த துணி மேல் வையுங்கள்.

டிசம்பர் 8

ஓவனில் டைமர் இருக்கிறதே, இரவே உள்ளே வைத்து, காலை ஆறு மணிக்கு அதுவாகச் சூடாகும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

செய்யாதீர்கள். பச்சை முட்டையும் பாலும் எட்டு மணி நேரம் அறைச் சூட்டில் கிடக்கும். அமெரிக்க வேளாண் துறை சொல்கிற வரம்பு இரண்டு மணி நேரம். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 140க்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிடுகிற உணவு. ஆறு மணிக்கு ஒருவர் எழுந்து ட்ரேயை வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

டிசம்பர் 14

‘இட்லி தோசையை விட்டுவிட்டு எதற்கு இந்த வெள்ளைக்காரச் சாப்பாடு’ என்று கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். என் மனைவி நர்ஸ், இரவு ஷிஃப்ட். மாலை ஏழு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழரைக்கு முடியும், அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர எட்டாகும், சில நாள் ஒன்பதாகும். வந்தவுடன் சாப்பிட்டுப் படுத்தால்தான் அன்று இரவு அவளால் திரும்பப் போக முடியும். அவளுக்கு அது இரவுச் சாப்பாடு, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு. எங்கள் நாலு பேருக்கும் வாரத்தில் ஒன்றாக உட்கார அந்த ஒரு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது.

தோசை எனக்கு உயிர். ஆனால் தோசை காத்திருக்காது. சுடச்சுடப் போட வேண்டும் என்றால் ஒருவர் கல்லருகில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வருடம் நான் நின்றேன். மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மனைவிக்கு இரண்டு, திரும்ப மகளுக்கு. நான் தட்டோடு வந்து உட்காரும்போது மனைவி கண்ணைச் சொருகிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு இரவு ஷிஃப்டில் என்ன நடந்தது, யார் பிழைத்தார், யார் போனார் என்று அவள் பிள்ளைகளிடம் மெல்லிய குரலில் சொன்னது எதுவும் எனக்குக் கேட்டிருக்காது, நடுவில் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்.

அப்போதுதான் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற ஒருவர், மிச்சிகன் விவசாயக் குடும்பத்துக்காரர், அவர் அம்மா செய்கிற கேசரோல் பற்றிச் சொன்னார். மாடு கறக்கப் போனவர்கள் எந்த நேரத்தில் வந்தாலும் சூடாக இருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஆரம்பித்தேன்.

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் அம்மா இரண்டு மணிக்கு எழுந்துவிடுவாள். விடியுமுன் ஆராதனைக்கு ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் போய்வந்து ஆப்பச்சட்டி முன்னால் உட்கார்ந்தால், வந்து போகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அவள் சாப்பிடும்போது மணி பத்தரை, பாயாவில் எலும்பு மட்டும்தான் இருக்கும். அந்த ஆப்பம் மாதிரி உலகத்தில் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக ஒரு நினைவுகூட எனக்கு இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டிலும் இட்லி, தோசை, உப்புமாதான். மனைவி ஷிஃப்ட் முடிந்து வருகிற சனிக்கிழமைக்குத்தான் கேசரோல்.

டிசம்பர் 15

பெயரைப் பற்றி. தமிழ்நாட்டில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடாக வைக்கிற ஹாட்பாக்ஸ். போனில் அம்மாவிடம் ‘கேசரோல் ஓவனில் இருக்கு’ என்றேன். ‘ஏய்யா, ஹாட்பாக்ஸத் தூக்கியா அடுப்புக்குள்ள வச்ச? பிளாஸ்டிக்கு உருகிராதா?’ என்று பதறிவிட்டாள். இந்த ஊரில் ட்ரேக்கும் அதுதான் பெயர், அதில் வேகிற சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். தேங்க்ஸ்கிவிங் மேசையில் பீன்ஸும் காளான் சூப்பும் சேர்த்து வைக்கிறார்களே, அதுவும் கேசரோல்தான். 1955இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையலறையில் டார்கஸ் ரைலி என்பவர் உருவாக்கியது. நம்முடையதைப் போல பிரெட் அடுக்கி முட்டைப்பால் ஊற்றுவதற்கு ஸ்ட்ராட்டா என்று தனிப் பெயரும் உண்டு, அடுக்குகள் என்று அர்த்தம். குறிப்புத் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

டிசம்பர் 20

முட்டை சாப்பிடாத வீட்டுக்கு வழி உண்டா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவருகிற பாட்லக்குக்காக இரண்டு தடவை செய்து பார்த்தேன். 8 அங்குலச் சதுர ட்ரேக்கு: கடலை மாவு 1 கப், தண்ணீர் 2 கப், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, பெருங்காயம், காயவைத்த பிரெட் 6 அவுன்ஸ். மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி ஊறவைத்து, பிரெட் மேல் ஊற்றி, 375 டிகிரியில் 45 நிமிடம். முதல் தடவை பச்சை மாவு வாசனை போகவில்லை. இரண்டாம் தடவை, கரைத்த மாவை அடுப்பில் கிளறி லேசாகக் கெட்டியானதும் ஊற்றினேன், சரியாக வந்தது. கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை போட்டால் கந்தக வாசனையில் முட்டை மாதிரியே இருக்கும். அது வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம், முட்டையே ஆகாதவர்களுக்கு அந்த வாசனையும் ஆகாது.

சைவக்காரர்கள் சீஸையும் பார்த்து வாங்குங்கள். சில சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரெனட் இருக்கும். இத்தாலியிலிருந்து வருகிற பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கட்டாயம் அதுதான், விதியே அப்படி. லேபிளில் தாவர ரெனட் அல்லது நுண்ணுயிர் ரெனட் என்று போட்டிருந்தால் பயமில்லை.

டிசம்பர் 26

நேற்று மனைவிக்கு விடுமுறை. சர்ச்சிலிருந்து இரண்டு குடும்பத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம், அதனால் இரண்டு ட்ரே. இரவே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஒன்றில் கீரை, ஒன்றில் முந்தைய நாள் மிஞ்சிய சிக்கன் சுக்கா. சுக்காவைத் தண்ணீர் இல்லாமல் வறட்டி, எலும்பு நீக்கிப் பிய்த்துப் போட்டது. இதுவரை செய்ததிலேயே அதுதான் சிறந்தது.

ஆனால் காலையில் ஒரு பெரிய சேதம். மிச்சிகன் குளிரில் இட்லி மாவு வெளியே வைத்தால் மூன்று நாளானாலும் பொங்காது. ஓவனை அணைத்தே வைத்து உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைப்போம். அமெரிக்காவில் இருக்கிற பாதிப் பேர் வீட்டில் இதுதான் வழக்கம் என்று நினைக்கிறேன். 24ஆம் தேதி இரவு மனைவி மாவை உள்ளே வைத்தது எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு எழுந்து, திறந்து பார்க்காமல் 350 டிகிரிக்குச் சூடேற்றினேன். பிளாஸ்டிக் மூடி உருகுகிற வாடை வந்துதான் மாடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். மாவு ஓரமெல்லாம் வெந்து, நடுவில் பொங்கி, மூடி அதன் மேல் வழிந்து கிடந்தது. மூன்று கப் அரிசி. அவள் ஷிஃப்ட் முடிந்த அலுப்போடு அரைத்த மாவு. எனக்கு மனசே சரியில்லை.

ஓவன் ஆறி, சுரண்டி, ஜன்னலைத் திறந்து வாடை போக ஒன்றரை மணி நேரம். கேசரோலைப் பத்து மணிக்குத்தான் போட முடிந்தது. இப்போது ஓவன் குமிழில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுகிறோம். ரப்பர் பேண்ட் இருந்தால் உள்ளே மாவு இருக்கிறது. மாவு வைக்கிறவர் மாட்ட வேண்டும், எடுக்கிறவர் கழற்ற வேண்டும்.

இரண்டு ட்ரே ஒன்றாக வைத்தால் நேரம் கூடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மொத்தம் 75 நிமிடம் ஆயிற்று. பாதியில் மேல் தட்டிலிருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றினேன்.

டிசம்பர் 28

கேள்வி கேட்ட சகோதரி திரும்பச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். சரியாக வந்திருக்கிறது. ஆனால் அவர் மாமியார் ‘இது பிரெட் புட்டிங்தானே, சர்க்கரை போட மறந்துட்டியா’ என்று கேட்டாராம். கேள்வி நியாயமானது. செய்முறை ஒன்றேதான். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்கிற இனிப்பு வட்டலப்பம்கூடச் சொந்தம்தான். முட்டையை இன்னொரு திரவத்தில் கலந்து மெல்லிய சூட்டில் இறுக வைப்பது இரண்டிலும் ஒன்று. அதிகம் கொதித்தால் வட்டலப்பம் துளைத்துளையாகித் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள், கேசரோலின் ஓரம் ரப்பர் ஆவதும் அதே காரணத்தால்தான்.

ஜனவரி 4, 2025

இன்னொரு திருத்தம். நடுவில் கத்தி விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மகள் ஒரு சமையல் வெப்பமானி வாங்கித் தந்தாள். இன்று காலை கத்தி சுத்தமாக வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதைச் செருகினால் 148 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. முட்டை சேர்ந்த ட்ரேக்கு 160, நம் கணக்கில் 71 செல்சியஸ், வந்தாக வேண்டும். கத்தி ஒரு பிரெட் துண்டுக்குள் போயிருந்தால் சுத்தமாகத்தான் வரும். உருகிய சீஸில் பட்டால் வெந்திருந்தாலும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது. இன்னும் எட்டு நிமிடம் வைத்ததும் 165 வந்தது. ஆறு வருடமாகக் கத்தியை நம்பிக்கொண்டிருந்தேன்.

வெப்பமானி இல்லாதவர்கள் இரண்டு மூன்று இடத்தில் கத்தி விடுங்கள், ட்ரேயை அசைத்தும் பாருங்கள். நடுப்பகுதி மொத்தமாகக் குலுங்கினால் வேகவில்லை.

ஜனவரி 12

மிச்சத்தை என்ன செய்வது? முதலில் மிச்சம் வைக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் இருப்பதில்லை. இருந்தால், மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஃபிரிட்ஜுக்கு. மூன்று நாலு நாள் தாங்கும். மைக்ரோவேவில் சுட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டு, துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, மூடி வைத்து மெல்லிய தீயில் உள்ளேயும் நன்றாகச் சூடேறும்வரை விடுங்கள். மொறுமொறுவென்று, பக்கத்தில் புதினாச் சட்னி. திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்கு மகள் இதைத்தான் கேட்கிறாள்.

மார்ச் 15

2025 தொடக்கத்தில் முட்டை விலை ஏறிக்கொண்டே போனது. பறவைக் காய்ச்சலால் கோழிகள் கோடிக்கணக்கில் போய்விட்டிருந்தன. அரசுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2025 பிப்ரவரி சராசரியே டஜன் 5.90 டாலராக இருந்தது. எங்கள் பக்கத்துக் கடையில் ஒருவருக்கு இரண்டு டஜன்தான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எட்டு முட்டைக்குப் பதில் ஆறு போட்டு, பாலை 700 மில்லி ஆக்கிப் பார்த்தேன். மூன்று மடங்கு கணக்கு அப்படியே நிற்கிறது, ஆனால் துண்டு போட்டதும் தளர்ந்து சரிந்துவிட்டது. பாலைக் கூட்டினால் இறுக்க முட்டை போதவில்லை, இது தானாகத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

மறுவாரம் ஆறு முட்டை, பால் 450 மில்லி, பிரெட் 9 அவுன்ஸ் (255 கிராம்) என்று எல்லாவற்றையும் முக்கால் ஆக்கினேன். ட்ரேயில் உயரம் குறைந்தது, ருசி குறையவில்லை, நேரமும் பத்து நிமிடம் மிச்சம். வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டைச் சேர்த்ததில் நாலு பேருக்கும் வயிறு நிறைந்தது.

மார்ச் 22

இன்று மனைவி வர ஒன்பதேகால் ஆகிவிட்டது. ட்ரே வெந்து முடிந்தது ஏழு ஐம்பதுக்கு. ஃபாயிலால் மூடி, ஓவனை 200 டிகிரிக்கு இறக்கி உள்ளேயே வைத்தேன். ஒன்றரை மணி நேரம் தாங்கியது, ஓரம் மட்டும் கொஞ்சம் உலர்ந்தது. உள்சூடு 140க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பிள்ளைகள் பசித்துப்போய் வாழைப்பழம் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடச் சொன்னேன், மகன் மாட்டேன் என்றான். ட்ரேயின் நாலு மூலையும்தான் மொறுமொறுப்பு அதிகம், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலை என்பது எழுதாத சட்டம். அம்மா வருமுன் வெட்டினால் அவள் மூலை உலர்ந்துபோகும் என்பது அவன் கவலை.

ஏப்ரல் 26

மே மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வருகிறாள், ஆறு மாதம் இருப்பாள். மகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, ‘அப்பா, அஞ்சு பேருக்கு நாலு மூலைதானே இருக்கு’ என்றான்.

9×13 ட்ரேயின் பரப்பு 117 சதுர அங்குலம். 8 அங்குலச் சதுர ட்ரே இரண்டு வைத்தால் 128. அதே அளவுப் பொருள் இரண்டிலும் அடங்கும், உயரம் கொஞ்சம்தான் குறையும், எட்டு மூலை கிடைக்கும். இன்று ஒத்திகை பார்த்தேன். ஃபாயிலோடு 20 நிமிடம், திறந்து 22 நிமிடம், நடுவில் 163 டிகிரி. இரண்டும் ஒரே தட்டில் அடுத்தடுத்து நின்றன, இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அம்மா காலை ஆறு மணிக்கே எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவாள். அந்த நேரத்தில் ட்ரே ஓவனில் இருக்கும்.